ஒட்டகம் சொல்லிக்கொடுத்த பழக்கம்

சாலை போடும் கும்பலில் அவளுக்கு ஒட்டகம் என்று பேர். காலையில் வீட்டில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுக் கிளம்பினால், சாயங்காலம் திரும்பும்வரை தொண்டையில் சொட்டுத் தண்ணீர் இறங்காது. கேலிக்கு வைத்த பேர்தான். அவளோ என்னமோ பட்டம் வாங்கினது மாதிரி அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினாள்.

தவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆண்களுக்கு லாரியின் மறுபக்கம் போதும். பெண்களுக்கு அந்த வெட்டவெளியில் ஒதுங்க மறைவு கிடையாது. அதை மேஸ்திரியிடம் கேட்க அவளுக்கு நாக்கு கூசும். அதனால் வெயில் ஏறுமுன்பே நாளுக்குக் கொஞ்சமாகத் தண்ணீரைக் குறைத்து உடம்பைக் கோடைக்குத் தயார்செய்வாள். வருஷா வருஷம் நீர்க்கடுப்பு வந்து உயிரை வாங்குவதை மட்டும் யாரிடமும் மூச்சுவிட மாட்டாள்.

இந்தக் கோடையில் நாத்தனாரும் ஜல்லி சுமக்க வந்தாள். "என் தங்கச்சி, உன்னை நம்பித்தான் அனுப்புறேன்" என்றான் புருஷன். மேலே வெயில், கீழே தார்ச்சூடு. பழக்கமில்லாத பெண் கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் டிரம்மைத் தேடிப் போனாள். ஒட்டகம் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இப்ப குடிச்சுட்டு அப்புறம் எங்க போய் ஒதுங்குவ? பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, உடம்பு பழகிடும். நான் இல்ல?"

"சரி அண்ணி."

மறுநாள் மதியம் நாத்தனார் சம்பந்தமில்லாமல் ஏதோ உளறினாள். பிறகு கூடையோடு சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கடுகடுவென்று இருந்தார். "வெயிலுக்கு உடம்பு பழகும், கொஞ்சம் கொஞ்சமா வேலையைக் கூட்டினா. தண்ணி இல்லாம இருக்க எந்த உடம்பும் பழகாது. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிக்கணும். இனிமே சிறுநீர் பிரியலைன்னா கிட்னி போயிடும். யாரு இப்படி இருக்கச் சொன்னது?"

ஒட்டகம் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் புருஷன் நின்றிருந்தான்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "யாரும் சொல்லல டாக்டர். எனக்குத்தான் தாகமே எடுக்கல."

புருஷன் மனைவியைப் பார்த்தான். "நீயாவது அதட்டிக் குடிக்க வச்சிருக்கலாம்ல?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. அவன் மருந்து வாங்கப் போனதும் கட்டிலருகே குனிந்தாள். "எனக்காகப் பொய் சொல்லாதம்மா. அவர் வரட்டும், நானே சொல்லிடறேன். எனக்கு வெட்கமா இருக்கு." டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

நாத்தனார் அதை வெடித்த உதட்டருகே கொண்டுபோனாள். பிறகு அப்படியே நிறுத்திவிட்டு, வார்டில் இருந்த ஆண்களை ஒரு பார்வை பார்த்தாள். அண்ணியைக் கிட்டே வரச்சொல்லிக் காதோடு கேட்டாள்.

"இங்க பொம்பளைங்களுக்கு கக்கூஸ் இருக்கா அண்ணி? பார்த்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறமா குடிக்கிறேன்."