தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்ன டாக்டரம்மா

டாக்டர் பிலோமினா தவறிவிட்டார் என்று என் மகள் செல்வி செல்போனைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு எழுத்துத் தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். அம்பாசமுத்திரத்தில் மாதாமாதம் என்னோடு பார்க்கின்சன் நோயாளிகளாகக் கூடுகிற உங்களுக்கு அந்த அம்மாவைத் தெரியும்.

புன்னக்காயலில் பிறந்தவர். மூளை நரம்பில் கொழுப்பு என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர். இந்த நோய் வருவதில் கொழுப்புக்கும் பங்கு உண்டு என்று ஒரு கூட்டத்தில் அவர் சொன்னார். நான் வீட்டுக்கு வந்த கையோடு நல்லெண்ணெயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் நின்றது; உச்சியில் தேய்த்தால் நேரே மூளைக்குத்தானே இறங்கும்?

"எண்ணெய விட்டாச்சு, குளியல விட்டாச்சு. அடுத்து என்னையும் விட்டுருவியளோ?" என்றாள் வீட்டுக்காரி.

வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்தேன். அடுத்த மாதம் டாக்டரம்மா என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். எண்ணெயை விட்டதைச் சொன்னேன்.

"யாரு அண்ணாச்சி இப்படிச் சொன்னா உங்களுக்கு?"

"நீங்கதாம்மா."

நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு பைய விளக்கினார்: "நரம்பு அணுவோட மேலுறையே கொழுப்புதான். அதுல ஒரு புரதம் போய் ஒட்டும். சில பேருக்கு அது கெட்டு, கொழுப்போட சேந்து கட்டியாவுது. கொழுப்பு மாறுனதால புரதம் கெடுதா, புரதம் கெட்டதால கொழுப்பு மாறுதா, அதத்தான் தேடுதோம். தலையில வைக்கிற எண்ணெய் அங்கன போவாது, தாராளமா வையிங்க."

"திங்கிற எண்ணெய்?"

"எது எவ்வளவு செய்யும்னு இன்னும் சரியாத் தெரியாது. இப்படி மெலிஞ்சா விழுந்து இடுப்பு ஒடியும். அது நல்லாத் தெரியும்."

படித்த ஒருவர் என்னிடம் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் சொன்ன விதம் தப்பு. வேற யாரெல்லாம் எண்ணெய விட்டீங்க?" என்று கேட்டார். ஏழெட்டுக் கைகள் ஆடிக்கொண்டே உயர்ந்தன. "நான் மட்டும் கிறுக்கன் இல்ல" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். அதன்பிறகு எதைப் பேசுவதானாலும் முதலில் என்னிடம் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வார். நான் தப்பாகச் சொன்னால் தன் பேச்சை மாற்றுவார்.

அவர் இல்லாமல் கூடிய முதல் கூட்டத்தில் ஒருவர் வந்து, கொழுப்பை அடியோடு நிறுத்தினால் நடுக்கம் நின்றுவிடும் என்றார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"தெரிஞ்சு சொல்லுதீரா, தெரியாமச் சொல்லுதீரா வே?"

என் குரல் இப்போது எழும்புவதில்லை. மூன்று தடவை கேட்டேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான். கால் நிற்கிறவரை நின்று கேட்பேன். அப்புறம் உட்கார்ந்து கேட்பேன்.