தம்பியை அடிக்கத் தூக்கிய இரும்பு

நாற்பத்தேழு வயதில் நான் உடற்பயிற்சி தொடங்கியதற்குச் சர்க்கரையும் காரணமில்லை, தொப்பையும் காரணமில்லை. என் தம்பியைத் திருப்பி அறைய வேண்டும், அவ்வளவுதான்.

கெலமங்கலம் பக்கம் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு போர்வெல். நான் ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிறேன். விவசாயம் அவன் தலையில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் என் பங்குத் தக்காளிக்குத் தண்ணீர் கட்டுவேன். ஒரு ஞாயிறு அவன் முறை முடிவதற்குள் வால்வை என் பக்கம் திருப்பிவிட்டேன். தப்புதான். ஆனால் தக்காளி பறிக்க வந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், என்னைவிட ஆறு வயது சின்னவன் என் கன்னத்தில் அறைந்தான். மூக்குக்கண்ணாடி சேற்றில் விழுந்தது. நான் கை ஓங்கியதும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். உதறிப் பார்த்தேன், முடியவில்லை. அறை வலித்ததைவிட இந்தப் பிடிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

பாகலூர் சாலையில் ஒரு பேக்கரிக்கு மேலே ஜிம் இருக்கிறது. சேர்ந்தேன். அத்திப்பள்ளியிலிருந்து வரும் பயிற்சியாளர், பாதி கன்னடமும் பாதி தமிழுமாக, என் இலக்கு என்ன என்று கேட்டார். எடை குறையணுமா, உடம்பு ஏறணுமா? தம்பியின் பல்லை உடைக்கணும் என்று எப்படிச் சொல்வது? பொதுவாக உடம்பு நல்லா இருந்தால் போதும் என்றேன். மூன்று வாரம் வெறும் கம்பியைத் தூக்க வைத்தார். அவசரப்பட்டால் தோள்பட்டை போய்விடும் என்று தினமும் சொன்னார். சுற்றிலும் கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் அறை வாங்கிய முகம்தான் தெரிந்தது. ஒருநாள் நான் கோணலாக நின்றதைப் பார்த்துச் சிரித்த ஒருவனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். மறுநாள் முதல் போகவில்லை.

வீட்டு மொட்டைமாடியே போதும் என்று தோன்றியது. அங்கே குறை சொல்ல யாருமில்லை. பழைய இரும்புக் கடையில் உடைசலாக வந்த பிளைவீல்களை, இன்ஜினில் சுழலும் கனத்த இரும்புச் சக்கரங்களை, வாங்கி, இரண்டு முனையிலும் மரை போட்ட தண்டில் கோத்து, நட்டு போட்டு இறுக்கினேன். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அவன் முகம்தான் மனதில். எண்ணிக்கைக்குப் பதில் கெட்ட வார்த்தைகள். ஏழு மாதத்தில் சட்டைக் கை இறுகியது. மனைவி துணி காயப்போட மாடிக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். ஜிம்முக்கே திரும்பப் போங்க, அங்கேயாவது நாலு பேர் இருப்பாங்க என்றாள்.

எங்கள் லைனில் நட்டை ஸ்பேனரால் இறுக்கியதும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போடுவோம். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். அடுத்த ஆள் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். வேலை குவிந்தால் சிலர் முதலில் கோட்டைப் போட்டுவிட்டுப் பிறகு இறுக்குவார்கள். அப்படிச் செய்தவர்களை நான் வாய் கிழியத் திட்டியிருக்கிறேன். வீட்டில் என் தண்டின் நட்டுகளிலும் எனக்கு அந்தக் கோடு வேண்டும்.

ஒரு ஞாயிறு காலை எடையைக் கூட்டிக் கோத்து, நட்டுகளைக் கையால் சுழற்றிவிட்டு, பெயிண்டு பேனா கையில் இருந்ததால் கோட்டை முதலில் போட்டேன். ஸ்பேனரை எடுக்கக் குனிந்தபோது தம்பி மாடியேறி வந்தான். நிலம் அளக்க சர்வேயர் வருகிறார், நீயும் வந்து நில் என்றான். குரலில் பணிவு இல்லை. அறைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னிப்புக் கேள் என்றேன். நீ தண்ணியைத் திருடினதுக்கு முதலில் கேள் என்றான்.

தண்டைப் பார்த்தேன். மஞ்சள் கோடு இருந்தது. தூக்கினேன். பயமுறுத்த அல்ல, அவன் மண்டையில் இறக்கத்தான் தலைக்கு மேலே கொண்டுபோனேன். இன்று வரை மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. தண்டு சாய்ந்தது, இடப்பக்க நட்டு கழன்றது, பிளைவீல் நழுவி என் பாதத்தில் விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. தண்டின் மறுமுனை சுவரை இடித்துப் பெயர்த்தது.

கீழே விழுந்து கத்தினேன். ஏழு மாதமாக நான் முக்கி முனகித் தூக்கிய இரும்பை அவன் ஒரு கையால் புரட்டித் தள்ளினான். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். தக்காளிப் பெட்டி தூக்கித் தூக்கியே ஏறிய தோள் அது.

ஆட்டோவில் மனைவி மேல் சாய்ந்திருந்தேன். கால் அவன் மடியில் இருந்தது. துண்டைச் சுற்றி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். வேட்டி முழுக்க என் ரத்தம். அவன் குனிந்திருந்ததால் கன்னம் எட்டும் தூரத்தில் இருந்தது. எழுந்து உட்கார்ந்து, உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அறைந்தேன். மனைவி அலறினாள். ஆட்டோக்காரர் பிரேக் போட்டார்.

தம்பி அவரை ஓட்டச் சொன்னான். கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன. துண்டிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.

"அடிச்சிட்ட இல்ல? இப்ப கால ஆட்டாதண்ணா, ரத்தம் நிக்க மாட்டேங்குது."