செல்லாயித் தோட்டத்துப் பலகை

பதுளைக்கு ரயில் வந்த பிறகு, ஊரிலிருந்து புதிதாக வரும் நம் சனங்கள் எங்கள் தோட்டத்து ரோடு வளையும் முடக்கில் நின்று வழி கேட்கிறார்கள். அங்கே பலகையில் ஆஷ்டன்வெல் என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதியிருக்கிறது. அதன் நிழலிலேயே நின்றுகொண்டு, "செல்லாயித் தோட்டம் எங்கிட்டு இருக்கு ஆத்தா?" என்கிறார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும்.

ஆஷ்டன்வெல் எங்கள் பழைய துரை பிறந்த ஊர். ஆஷ் என்கிற மரங்களுக்கு நடுவே ஓர் ஊற்று இருந்ததால் அந்தப் பெயராம். வேதக்கோயில் மணி, வாத்து நீந்தும் குளம், ஊர் எல்லையில் ஒரு பெயர்ப்பலகை என்று துரை சொன்னதைக் கணக்கப்பிள்ளை எங்களிடம் சொன்னார். ஊர் ஏக்கம் பிடித்த மனுஷன் என்று நினைத்தேன். அந்த ஏக்கம் எனக்குத் தெரியாததா?

ஆனால் பலகை நட அவர் காட்டிய இடம் முடக்கிலிருந்த மேடு. திருச்சிப் பக்கத்திலிருந்து புறப்பட்டபோது, செல்லாயி கோயிலில் பிடிமண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, கடல் தாண்டிக் கொண்டுவந்தோம். அதைப் புதைத்துக் கல் நட்ட இடம் அது. முதல் மரத்தை வெட்டும் முன்பே தோட்டத்துக்குப் பெயர் வைத்தாயிற்று.

"குழி வெட்டு" என்றார் துரை. ஒருவரும் அசையவில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாயே திறக்க வராது. அன்றைக்கு என்ன வந்ததோ, கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அந்தக் கல்லை ஒட்டி உட்கார்ந்துவிட்டேன்.

"கீழே என்ன? செத்த ஆளா?" என்றார் துரை.

"இல்லைங்க தொரை. எங்க ஊரு இருக்கு."

அவருக்கு விளங்கவில்லை. கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கங்காணி மாமா பல்லைக் கடித்தார். "எந்திரி புள்ள. தோட்டத்த விட்டே வெரட்டிப் பத்திருவாரு."

"எங்க பத்துவாரு மாமா, அவரு ஊருக்கா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தபடியே ஒவ்வொருத்தியாகக் கூடையை இறக்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெயிலில் கொழுந்து வாடத் தொடங்கியது. துரை வாடும் கொழுந்தைப் பார்த்தார். பிறகு பலகையை அங்கே நடும்படி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அன்றைய சம்பளம் எனக்கு இல்லை. போகட்டும்.

துரை கப்பலேறிப் போய்விட்டார். அந்த ஊரைப் பார்த்தேயிராத துரைமார் பலகைக்கு வர்ணம் அடிக்கிறார்கள். நானும் ஒருமுறை நம் ஊருக்கு வந்தேன். "கண்டிக்காரி வந்திருக்கா" என்றுதான் ஊர்க்காரர்கள் நீங்கள் சொன்னீர்கள்; இலங்கை முழுதும் உங்களுக்குக் கண்டிதான். கேட்டுக்கொண்டேன்.

போன மாதம் என் மகன் மடுல்சீமையில் புதுத் தோட்டத்துக்குப் புறப்பட்டான். "பிடிமண்ணுக்கு ஊருக்குப் போகணுமா ஆத்தா?" என்றான்.

"எதுக்கு? இங்கனயே எடு."

கல்லடியில் தோண்டினான். இத்தனை வருஷ மழையில் ஊறி ஒன்றாகிவிட்ட மண். எது அந்த ஊர், எது இந்த மலை என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியே மஞ்சள் துணியில் முடிந்து அவன் கையில் கொடுத்தேன்.