போர்ச்சுகல் பாட்டில்களும் நான் எழுதிக் கொடுத்த ஒரு வரியும்

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் வைன் பரிமாறும் வேலை எனக்குக் கிடைத்தது. அதுவரை வைனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சர்ச்சில் நற்கருணை அன்று ஒரு வாய் கொடுக்கும் திராட்சை ரசம்தான். கேட்டரிங் படித்திருந்தேன், இங்கிலீஷ் தடுக்காமல் வந்தது, போதும் என்றார்கள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்திலிருக்கும் எங்கள் காலனியிலிருந்து செங்கல்பட்டு போய், அங்கே பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

எங்கள் மெனுவில் ஆக உயர்ந்த வைன்கள் போர்ச்சுகலில் ஒரே தோட்டத்திலிருந்து வந்தவை. ஆற்றை ஒட்டிய செங்குத்தான மலை, அதில் படிப்படியாகக் கட்டிய கல்வரப்புகள், நடுவில் வெள்ளையடித்த ஒரு பெரிய வீடு. முந்நூறு வருஷமாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது என்று எங்களுக்குக் கொடுத்த கையேட்டில் போட்டிருந்தது. மூன்று வகை வரும். ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு, அப்புறம் பீப்பாயில் இருபது வருஷம் கிடந்து தேன் நிறமாகிப்போன ஓர் இனிப்பு வைன். அந்த இனிப்பு வைனுக்கு இன்றைக்கும் கல்தொட்டியில் ஆட்கள் இறங்கி, தோளோடு தோள் சேர்ந்து காலால்தான் திராட்சையை மிதிக்கிறார்களாம்.

நான் எதையும் நம்பவில்லை. எங்கள் குடும்பத்தில் என் அப்பா காலம்வரை யார் பெயரிலும் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. ஒரு குடும்பம் ஒரு மலையையே முந்நூறு வருஷம் வைத்திருந்தது என்றால் அந்த வரப்புக் கல்லையெல்லாம் சுமந்தது யார் என்றுதான் எனக்குத் தோன்றும். அதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. இருந்தாலும் விருந்தாளிகளிடம் அதில் இருந்ததை அப்படியே ஒப்பிப்பேன். சிவப்பில் செர்ரி வாசனை வரும், மழையில் நனைந்த கல்லின் வாசனை வரும் என்பேன். எனக்கு வந்ததென்னவோ வேகவைத்த பேரீச்சம்பழ வாசனை. என் மூக்குக்கு இதெல்லாம் தெரியாது என்று இருந்துவிட்டேன்.

வைன் அறையின் சாவி இரண்டு பேரிடம் இருந்தது. ஒன்று என்னிடம். இன்னொன்று எனக்கு முன்பே அங்கே பத்து வருஷம் வேலை பார்த்த ஓர் அண்ணனிடம். அவர் பக்கத்துக் குப்பத்துக்காரர், அப்பாவும் தம்பியும் கடலுக்குப் போகிறவர்கள். கார்க் உடையாமல் பாட்டில் திறக்க எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். தான் குடிப்பதில்லை என்பார். ருசி பார்க்கச் சொன்னால் வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிடுவார். பாரில் வேலை பார்த்துக்கொண்டு குடிப்பதில்லை என்று சொல்கிறவர்களை எனக்கு அப்போது கொஞ்சம் சந்தேகம்தான்.

சேர்ந்த இரண்டாவது வருஷம், கோடையில், அந்தத் தோட்டத்துப் பாட்டில்கள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் ஒருவர் சிவப்பை முகர்ந்துவிட்டு ஜாம் மாதிரி இருக்கிறது என்று தள்ளி வைத்தார். பந்தா பண்ணுகிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு அம்மா வெள்ளையைத் திருப்பி அனுப்பினார். அப்புறம் இன்னொன்று. இனிப்பு வைனைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

நான் பாட்டில்களைக் கவனிக்கத் தொடங்கினேன். நல்ல பாட்டிலில் கழுத்தைச் சுற்றியிருக்கும் தகட்டு உறையை விரலால் திருகினால் சுற்றும். இவற்றில் சுற்றவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்துப் பார்த்தால் உள்ளே பிசுபிசுப்பு, கார்க்கின் ஓரத்தில் சிவப்பாகக் காய்ந்த கறை. யாரோ திறந்து குடித்துவிட்டு, மட்டமான எதையோ ஊற்றி, திரும்ப ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

திரும்பி வந்த பாட்டில்களைப் பற்றிக் கேட்க மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டேதான் பேசினார். உங்கள் சர்ச்சில் எல்லாருக்கும் வைன் கொடுப்பார்களாமே, சின்ன வயதிலிருந்தே பழக்கம்தானே என்றார். இரண்டு சாவியில் ஒன்று என்னுடையது. அந்த நிமிஷத்திலிருந்து யார் செய்தார்கள் என்பதைவிட நான் செய்யவில்லை என்று காட்டுவதுதான் எனக்கு முக்கியமாகிவிட்டது.

அதற்கப்புறம் அண்ணன் எது செய்தாலும் எனக்குத் தப்பாகவே பட்டது. மத்தியானம் யாரும் வைன் அறைக்குப் போக வேலை இல்லை. அவர் போனார். கையில் ஐஸ் வாளியோடு போனார். பத்து நிமிஷம் கழித்து வெறும் கையோடு வெளியே வந்தார், முகமெல்லாம் சிவந்து, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"பகல்ல ரூமு அனலா கீதும்மா," என்றார். "சார்கிட்டயும் சொல்லிகினுதான் கீறேன்."

நான் சாயங்கால ஷிஃப்ட், மூன்று மணிக்கு வந்தாலும் ஆறு மணிக்கு மேல்தான் வைன் அறையைத் திறப்பேன். நான் திறக்கும்போதெல்லாம் அறை ஜில்லென்றுதான் இருக்கும். நல்ல சாக்கு கண்டுபிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மேனேஜர் மறுபடி கேட்டபோது அந்த ஐஸ் வாளியைச் சொன்னேன். எழுதிக் கொடு என்றார். எழுதினேன். அண்ணன் உள்ளே குடித்ததைப் பார்த்தேன் என்று ஒரு வரி சேர்த்தால் விஷயம் இதோடு முடிந்துவிடும் என்று மேனேஜர் சொன்னபோது, அந்த வரியையும் சேர்த்தேன்.

மறுநாளே அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யூனிஃபார்மை மடித்துக் கவுண்ட்டரில் வைத்துவிட்டுப் போனார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் பாட்டில்கள் திரும்பி வருவது நிற்கவில்லை. நான் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன், போவதற்கு முன்பே எல்லாவற்றையும் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று.

ஆகஸ்டில் அந்தத் தோட்டத்துக் குடும்பத்திலிருந்தே ஒரு அம்மா வந்தார். சென்னையில் ஏதோ கண்காட்சிக்கு வந்தவர், எங்கள் ரிசார்ட்டில் ஒரு மதிய விருந்தில் தங்கள் வைன்களைப் பற்றிப் பேச ஒத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். பட்டும் நகையுமாக ஒரு சீமாட்டியை எதிர்பார்த்திருந்தேன். வந்தவருக்கு விரல்கள் காய்த்து, நகங்கள் தேய்ந்திருந்தன. விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு சிவப்பில் ஒன்றைத் திறக்கச் சொன்னார். ஒரு முறைதான் முகர்ந்தார். பிறகு உறையை விரலால் திருகிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது வெந்துவிட்டது," என்றார் உடைந்த இங்கிலீஷில். "எங்கே வைத்திருக்கிறீர்கள்? காட்டு."

மேனேஜர் ஃபோனில் இருந்தார். நானே கூட்டிப்போனேன். பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கதவை நான் திறந்தது அதுதான் முதல் தடவை. அடுப்பு மூடியைத் திறந்தது போல அனல் முகத்தில் அடித்தது. ஏசி ஓடவில்லை. மெயின்டெனன்ஸ் ஆளைக் கூப்பிட்டேன். கரண்ட் பில்லைக் குறைக்க, போன வருஷக் கோடையிலிருந்தே கூட்டம் இல்லாத நாட்களில் காலை பத்து முதல் நான்கு மணிவரை அணைத்து வைக்கச் சொல்லி மேனேஜரின் உத்தரவு, பேனல் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறதே என்றார்.

அந்த அம்மா பொறுமையாக எனக்கு விளக்கினார். சூட்டில் வைன் விரிந்து கார்க்கைத் தள்ளும், ஓரமாகக் கசியும், கசிந்தது காய்ந்து உறை ஒட்டிக்கொள்ளும். இனிப்பு வைன் தப்பித்தது ஏன் என்று கேட்டேன். அது எங்கள் ஊர் வெயிலிலும் காற்றிலும் இருபது வருஷம் கிடந்தது, இனி அதற்கு என்ன பயம் என்றார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ரேக்குக்குக் கீழே அண்ணனின் ஐஸ் வாளிகள் மூன்று காலியாகக் கிடந்தன. அறையைக் குளிர வைக்கத்தான் அவர் ஐஸ் சுமந்திருக்கிறார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, சூடு தாங்கவில்லை போலிருக்கிறது என்று கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார்.

அன்றைக்கே ஹெச்.ஆருக்கு எழுதினேன். நான் பார்த்ததாகச் சொன்னது பொய், பார்க்கவில்லை என்று. யார் சேர்க்கச் சொன்னார்கள் என்பதையும் எழுதினேன். இரண்டு நாள் கழித்துக் குப்பத்துக்குப் போனேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து தம்பியின் வலையில் சிக்கிய நண்டு ஓடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னை வீட்டுக்குள் வா என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் குடிச்சத நீ பாத்தியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா."

"அப்புறம் இன்னாத்துக்கு பாத்தேன்னு எழுதின?"

பயந்துட்டேன் என்றேன். அவர் ஒரு ஓட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, குடிச்சிட்டு வேலையை விட்டுட்டான் என்று இந்தத் தெருவே பேசுது, என் பொண்ணுகிட்ட ஸ்கூல்ல கேக்கறாங்க என்றார். பிறகு மறுபடி வலையை எடுத்துக்கொண்டார். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

மேனேஜர் மாற்றலாகிப் போனார். ரிசார்ட்டிலிருந்து அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இரண்டு மாதம் வரவில்லை. தீபாவளி கழிந்துதான் வந்தார். அந்தத் தோட்டத்து அம்மா புதிதாக இரண்டு பெட்டி அனுப்பியிருந்தார். சிவப்பைத் திறந்து எனக்கு ஒரு வாய் ஊற்றினார் அண்ணன். பேரீச்சம்பழம் இல்லை. புளிப்பும் துவர்ப்புமாக நாக்கைப் பிடித்தது, நாவல் பழம் தின்ற மாதிரி. இரண்டு வருஷம் இந்த வைனைப் பற்றி எத்தனை பேரிடம் என்னென்ன சொல்லியிருப்பேன். இதை நான் குடித்ததே இல்லை.

இப்போது நாங்கள் ஒரே இடத்தில்தான் வேலை பார்க்கிறோம். வேலை விஷயமென்றால் பேசுவார், வேறு பேச்சு இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு என் அம்மா பிரியாணி செய்கிறார், குடும்பத்தோடு வாங்க என்று கூப்பிட்டேன். பாக்கலாம் என்றார். மூன்று மணிவரை இலை போடாமல் வைத்திருந்தோம். வரவில்லை. இந்த வருஷமும் கூப்பிடுவேன்.