அஞ்சலை வீட்டுக் கலயம்

பிறருக்காகத்தான் கேட்கிறோம் என்று எவ்வளவு சொல்லிக்கொண்டாலும், நன்கொடை வசூலில் நீளுவது நம்முடைய கைதான். வசூல் நோட்டோடு அந்நியர் வீட்டுப் படியேறியவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டையில் ஓர் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்காக நான் பதினெட்டு வருஷம் ஊர் ஊராக நடந்தேன்.

இலுப்பூர் வியாபாரி

இலுப்பூரில் ஒரு மளிகை வியாபாரி, பிள்ளைகளைக் கண்ணால் பார்த்தால்தான் தருவேன் என்றார். நாலு பேருக்குத் தலைவாரி, துவைத்த சட்டை போட்டு, பஸ்ஸில் அழைத்துப் போனேன். வரிசையாக நிறுத்திப் பார்த்தவர், யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார்.

அடுத்த மாதம், எலும்பு தெரிகிற இரண்டு பேரைப் பொறுக்கி, எண்ணெய் வைக்காத தலையோடு கூட்டிப்போனேன். அந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். உடனே இரண்டு மூட்டை அரிசி எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு அவர் சொன்னார்: "போன தடவை யாரு வீட்டுப் பிள்ளைகளையோ கூட்டியாந்து என்னைய ஏமாத்தப் பாத்தீங்க. இதுகதான் நெசமான அநாதைங்க."

ஆலங்குடியில் பிடியரிசி

ஆலங்குடியில் வீட்டுக்கு ஒரு மண்கலயம் கொடுத்திருந்தோம். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி அதில் போடுவார்கள். சனிக்கிழமை சாக்கோடு போய் வாங்கி வருவேன். அஞ்சலை, புருஷனை இழந்தவள், கடலை உடைக்கிற கூலி, ஒரே மகள். அரிசி இல்லாத நாளில் கலயத்தில் வரகு போடுவாள்.

யுத்தம் வந்து அரிசி அரிதானபோது, அவளிடம் வாங்க மனம் வராமல் இரண்டு வாரம் அவள் வீட்டைத் தாண்டிப் போனேன். அது இரக்கம் என்று நினைத்தேன். மூன்றாம் வாரம், இடுப்பில் கலயத்தோடு தெருவில் என்னை மறித்தாள்: "எங்க வீட்டு வரகு ஒங்க பிள்ளைகளுக்கு எறங்காதாங்க?"

விடுதி வாசல்

மறு வருஷம் கோடையில், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு விடுதிக்கே வந்து நின்றாள். வேலை நின்றுவிட்டது; பிள்ளை சாப்பிட்டு இரண்டு நாளாகிறது; சேர்த்துக்கொள்ள வேண்டும். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகளை மட்டுமே எடுப்பது எங்கள் விதி. விதியைத் தளர்த்தக்கூடிய மேனேஜர் பக்கத்து அறையில்தான் இருந்தார். நான் பிள்ளைக்குச் சோறு போடச் சொல்லிவிட்டு, தாயிடம் விதியைச் சொன்னேன்.

அவள் கெஞ்சவில்லை. மகள் சாப்பிட்டு இலையை எடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப நான் செத்தாத்தான் இவளைச் சேப்பீங்க. அப்படித்தானுங்களே?"

மறு சனிக்கிழமை

அவள் வீடு பூட்டிக் கிடந்தது. கலயம் கழுவி, வாசலில் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்தாள். "விராலிமலைப் பக்கம் ரோட்டு வேலைக்குப் போயிருச்சுங்க, புள்ளையையும் கூட்டிக்கிட்டு. நீங்க வந்தா கலயத்தை எடுத்துக்கிறச் சொன்னுச்சு. வேற வீட்டுக்கு ஆகுமாம்."

வசூலில் கூச்சமே இல்லாதவன் என்று பெயரெடுத்த நான், பக்கத்து அறைக்குப் போய் ஒரு பிள்ளைக்கு இடம் கேட்க மட்டும் கூச்சப்பட்டேன்.