உப்பளத்து பேக்கரியில் நான் உடைத்த விதி

"சொல்லுங்க மேடம், கடைய ரெண்டு பேர்ல பிரிக்கட்டுமா, வேணாமா?"

பேக்கரி நடத்தும் பிலோமினா இப்படிக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேள்வி கேட்பது நான், பதில் சொல்வது அவர். அதுதான் ஏற்பாடு.

அப்போது கல்லூரியில் அக்கவுண்டிங் நடத்திக்கொண்டிருந்தேன். சின்னக் கடைக்காரர்கள் ஜிஎஸ்டி விஷயத்தில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி. கடைக்கு மூன்று ரவுண்டு இண்டர்வியூ. மூன்றாவது ரவுண்டு முடியும்வரை யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. சொன்னால் அது நம் முடிவாகிவிடும். விதியை எழுதியதே நான்தான். என்னிடம் பிஎச்டி செய்தவர்களை இதற்காக வறுத்தெடுத்திருக்கிறேன்.

பிலோமினாவுக்கு உப்பளம் ஏரியாவில் கடை. பிரெஞ்சு ரொட்டி, பன், கிறிஸ்துமஸ் வந்தால் பிளம் கேக். பெரிய கேன்டீன் ஆர்டர் ஒன்று வந்திருந்தது. எடுத்தால் விற்பனை வரம்பைத் தாண்டும், ஜிஎஸ்டி பதிவு செய்தாக வேண்டும். தங்கை ஸ்டெல்லாவின் கணவர் ஒரு வழி சொன்னார். அடுப்பும் ஒன்று, கடையும் ஒன்று. ஆனால் பாதியை ஸ்டெல்லா பெயரில் காட்டிவிட்டால் இரண்டுமே வரம்புக்குள். மறுநாள் காலை கையெழுத்து.

"தங்கச்சி என் உயிரு மேடம். ஆனா அவ வூட்டுக்காரர நெனச்சா பயமா இருக்கு. நாளைக்குப் பாதி கடை எங்களதுன்னு வந்து நின்னா நான் எங்க போவேன்?"

எனக்குப் பதில் தெரியும். இது போலிப் பிரிப்பு. மாட்டினால் வரியோடு வட்டியும் அபராதமும் வரும். சின்னக் கடைகளுக்கென்றே இருக்கும் காம்போசிஷன் ஸ்கீமில் சேர்ந்தால் விற்பனையில் ஒரு சின்ன சதவீதம் கட்டினால் போதும். தெரிந்தும், "அத நீங்கதான் முடிவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டு, மீதிக் கேள்விகளைக் கேட்டு, ரெக்கார்டரை அணைத்துக்கொண்டு கிளம்பினேன்.

என் வீடு அரியாங்குப்பத்தில். ஸ்கூட்டர் ஆற்றுப் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை, மனசு கேட்கவில்லை. சே, என்ன பெரிய ஆராய்ச்சி! ஒரு பொம்பளை பயந்துபோய்க் கேட்கிறாள், நான் டேட்டாவைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். வண்டியைத் திருப்பினேன்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போய், "பிரிக்காதீங்க பிலோமினா" என்றேன். உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். தெரிந்த ஆடிட்டர் நம்பரும் கொடுத்தேன். அவர் பதிவு செய்தார், ஆர்டரையும் எடுத்தார். அந்தக் கடையை ஆய்விலிருந்து நீக்கிவிட்டேன். "இருக்கறதுலயே நல்ல கேஸ் மேடம், அநியாயமா தூக்கிட்டீங்களே" என்று கூட வேலை செய்தவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

ஆராய்ச்சியெல்லாம் முடிந்த பிறகு பார்க்கப் போனேன். கல்லாவில் ஸ்டெல்லா. "வரி கட்டும்போதெல்லாம் அக்கா உங்களத்தான் திட்டும் மேடம்" என்று சிரித்தாள். நான் ஆவல் அடங்காமல் பிலோமினாவைக் கேட்டேன்.

"அன்னிக்கு நான் திரும்பி வரலன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"கையெழுத்து போட்டிருப்பேன். இவ்ளோ படிச்சவங்க, எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லாம போறாங்களே, அப்ப இதுல தப்பு இல்ல போலன்னு ஒரு தைரியம் வந்துடுச்சு மேடம்."

வாயைத் திறக்காவிட்டால் நாம் எதிலும் தலையிடவில்லை என்று எத்தனையோ வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது ஆராய்ச்சிக்கு வருகிறவர்களிடம் வேறு மாதிரி சொல்கிறேன்: யாராவது தவித்துப்போய்க் கேட்டால் முதலில் பதில் சொல்லுங்கள், அப்புறம் அந்தக் கடையை ஆய்விலிருந்து எடுத்துவிடுங்கள்.

மற்ற கடைகளில் கேள்வி மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்தேனே, அங்கே எத்தனை பேருக்கு இப்படித் தைரியம் கொடுத்தேனோ, தெரியவில்லை.