ஓடையை மறித்த மதில்

அந்தமானில், ஹேவ்லாக் தீவில் எங்கள் வீடு ஓடைக்கரையில் இருக்கிறது. வெள்ளம் வரும் இடம் என்று சொல்லி, வீட்டை உயர்த்திக் கட்ட எங்களுக்கு அரசு அலுவலகத்தில் அனுமதி மறுத்தார்கள். சட்டம் அப்படித்தான் போல என்று பேசாமல் இருந்தோம். ஆனால் பக்கத்து ரிசார்ட்காரர்கள் அந்த ஓடைக்குக் குறுக்கே மதிலே எழுப்பினார்கள். அதே அலுவலகத்தில் எத்தனையோ முறை புகார் கொடுத்தோம். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், கடலுக்குப் போக வழியில்லாத தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் புகுந்தது. கணவர் போர்ட் பிளேரில் இருந்தார். எழுந்து நடக்க முடியாத மாமனாரை, நான் அக்கா முறை வைத்து தீதி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மாலாவும் நானும் தூக்கிக்கொண்டுபோய் தீதி வீட்டு மாடியில் படுக்க வைத்தோம். மாமனார் குளிரில் நடுங்கினார். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேரே மதிலுக்குப் போனேன்.

ரிசார்ட் மேனேஜர் ஓடிவந்தார். அவரும் தமிழர்தான்.

"பெர்மிஷன் இல்லாம உடைக்கக் கூடாதும்மா."

"கட்டுறதுக்கு யாரு சார் பெர்மிஷன் குடுத்தா?"

கடப்பாரையை ஓங்கி மதிலில் இறக்கினேன்.

"ருக்கோ மத், பெஹன்" என்றார் பின்னாலேயே வந்த மாலா தீதி. நிறுத்தாதே தங்கச்சி என்று இந்தியில் சொல்லிக்கொண்டே அவரும் மண்வெட்டியால் இடித்தார். மதில் சரிந்தது. தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்கு ஓடியது.

இரண்டு நாளில் அந்த அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். மதிலைப் பற்றி விசாரிக்க அல்ல, அதை இடித்த எனக்கு நோட்டீஸ் கொடுக்க.

கோபம் கெட்டது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அன்று அந்தக் கோபம்தான் என் வீட்டைக் காப்பாற்றியது. இனி அதை அடக்கிக்கொள்வதாக இல்லை.